சித்தப்பா சொன்ன கஷாயம்

"என்னடா இது, நிலவேம்புக் கஷாயத்துல சர்க்கரையைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா. ஒரே ஒரு வாய்தான் குடித்திருந்தார். பட்டாளத்தில் இருபத்தெட்டு வருஷம், ஓய்வு பெற்ற பிறகு கேன்டீன் ரம்மும் வெந்நீரும் என்று பழகிவிட்ட மனிதர். சனிக்கிழமை சாயங்காலம், சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கொடுத்தது நெக்ரோனி. ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் சம அளவு. ஒரு பெரிய ஐஸ் கட்டி. ஒரு கீற்று ஆரஞ்சுத் தோல். வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளைச் சாறு மாதிரி இருக்கும். அந்த நிறத்தை நம்பி வாயில் வைப்பவர்கள் எல்லோரும் முதல் வாய்க்கு முகத்தைச் சுளிப்பார்கள்.

சித்தப்பா குறையாகத்தான் சொன்னார். ஆனால் கஷாயம் என்ற சொல் மிகச் சரி. அந்தக் கிளாஸில் இருக்கும் மூன்றுமே ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் ஊரில், உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கப்பட்டவை. மருந்துக்கடை அலமாரியிலிருந்து இறங்கி, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் சாப்பாட்டுக்கு முன்னால் பசியைக் கிளப்பும் பானமாக வந்து நின்றிருக்கின்றன. இத்தாலியர்கள் இந்த வகைப் பானத்துக்கு அபெரிடிவோ என்கிறார்கள். திறப்பது என்று பொருள் தரும் லத்தீன் வேர்ச்சொல்லிலிருந்து வந்தது. வயிற்றைத் திறந்துவிடுகிறதாம்.

மூன்றில் மூத்தது வெர்மூத். மூலிகையை ஒயினில் ஊறப்போட்டு வயிற்றுக்குக் கொடுப்பது ரோமானியர் காலத்துப் பழக்கம். அந்த மூலிகைகளில் தலையானது கடும் கசப்புள்ள ஒரு செடி. ஜெர்மன் மொழியில் அதற்கு வெர்முட் என்று பெயர். பானத்தின் பெயரும் அதிலிருந்துதான். தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இந்தச் செடிக்குச் சொல் கிடைக்காமல் எட்டி என்று போட்டுவிட்டார்கள். எட்டிக்கும் இதற்கும் கசப்பைத் தவிர வேறு ஒட்டுறவு கிடையாது. நிஜமான சொந்தக்காரி நம்மூர்ப் பூக்கடையில் இருக்கிறாள். மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் நடுவே பச்சையாக வைத்துக் கட்டுவார்களே, அந்த மரிக்கொழுந்து. இரண்டும் ஆர்டிமீசியா என்ற ஒரே பேரினம். மரிக்கொழுந்தை விரல்களுக்கு நடுவில் கசக்கி முகர்ந்து பாருங்கள், இனிப்பும் மருந்தும் ஒன்றாக வரும். நல்ல வெர்மூத் பாட்டிலைத் திறக்கும்போது அதன் சாயல் மூக்கில் படுகிறது. எனக்காவது படுகிறது.

1786-ல் இத்தாலியின் வடமேற்கில் உள்ள டூரின் நகரத்தில் அன்டோனியோ பெனெடெட்டோ கார்ப்பானோ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த கடையில் இந்த மூலிகை ஒயினை இனிப்பாக்கி விற்கத் தொடங்கினார். அரண்மனைக்குப் பக்கத்துச் சதுக்கம், நல்ல ஜனப்புழக்கம். வெள்ளை ஒயின், கொஞ்சம் சாராயம், சர்க்கரை, மூலிகைகள், கிராம்பும் பட்டையும் மாதிரி வாசனைச் சாமான்கள். காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் குடித்துவந்ததைச் சும்மா மாலையில் நின்று பேசிக்கொண்டே குடிக்கலாம் என்ற நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அதன் பிறகு டூரினைச் சுற்றி வெர்மூத் பெரும் தொழிலாகவே வளர்ந்தது. மார்ட்டினி, சின்ஸானோ என்று நாம் கேள்விப்படும் பெயர்கள் எல்லாம் அந்தப் பக்கத்தவைதான்.

வெர்மூத்தில் முக்கால்வாசி ஒயின்தான். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். முதன்முதலில் வாங்கிய பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் ஊற்றிவிட்டு, விஸ்கி பாட்டில் மாதிரி இதற்கும் ஒன்றும் ஆகாது என்ற தைரியத்தில் ஷோகேஸில் வைத்துவிட்டேன். சென்னையின் சித்திரையையும் வைகாசியையும் அது அங்கேயே நின்று பார்த்தது. ஆவணியில் எடுத்தபோது ஊறுகாய் ஜாடியின் அடி மாதிரி ஒரு வாடை. திறந்த வெர்மூத்தை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடவும் வேண்டும். நெக்ரோனி பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கெட்டுப்போன வெர்மூத்தைக் குடித்தவர்கள் என்பது என் சந்தேகம்.

அடுத்தவர் காம்பாரி. கஸ்பாரே காம்பாரி டூரினில் பதின்வயதிலேயே மதுபானக் கடையில் தொழில் பழகியவர். 1860-ல் நொவாரா என்ற ஊரில் தன் சொந்தக் கசப்பைக் கலந்தார். நொவாரா, டூரினுக்கும் மிலானுக்கும் இடையில் ரயில் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை மிலான் வரை போய்ச் சேர்ந்தது 1859-ல். அவரும் அதே திசையில் மிலானுக்குப் போனார். 1867-ல் மிலானில் கண்ணாடிக் கூரை போட்ட பிரம்மாண்டமான கல்லேரியா திறந்தபோது அதில் அவருடைய காபிக்கடையும் இருந்தது. அதே வருடம் பிறந்த மகன் தாவீதேதான் பின்னாளில் காம்பாரியை உலகச் சரக்காக்கியவர். ஆரம்பத்தில் இந்தப் பானத்துக்குச் சூட்டிய பெயர் ஹாலந்து பாணிக் கசப்பு. ஹாலந்து என்றால் அந்தக் காலத்தில் மவுசு. நம்மூர் ஓட்டல் பலகையில் 'சைனீஸ்' என்று எழுதுவது போல.

மிலான் காம்பாரியையும் டூரின் வெர்மூத்தையும் ஒன்றாக ஊற்றினால் அதற்குப் பெயர் மிலானோ-டொரினோ. இரண்டு ஊர்ப் பெயரையும் ஒட்டவைத்து, விரைவு ரயிலுக்கு வைப்பது போல வைத்திருக்கிறார்கள். சோடா சேர்த்தால் அமெரிக்கானோ. அமெரிக்கப் பயணிகள் விரும்பிக் குடித்ததால் அந்தப் பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். இத்தாலி ஒரே நாடாக அறிவிக்கப்பட்டது 1861-ல். முதல் தலைநகரம் டூரின், 1865-ல் ஃப்ளாரன்ஸ், 1871-ல் ரோம். நம் பானமும் டூரினில் தொடங்கி மிலான் வழியாக ஃப்ளாரன்ஸுக்குத்தான் போகப்போகிறது. அதற்கு முன்னால் நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். என்னை இந்தக் கதைக்குள் இழுத்ததே அதுதான்.

காம்பாரியின் சிவப்பு 2006 வரை பூச்சியிலிருந்து வந்தது. கொச்சினீல் பூச்சி. மெக்சிகோவில் சப்பாத்திக் கள்ளியின் மடல்மேல் வெள்ளைப் பஞ்சு போர்த்திக்கொண்டு ஒட்டிக்கிடக்கும். பெண் பூச்சியைச் சுரண்டி எடுத்து உலர்த்திப் பொடித்தால் ரத்தச் சிவப்புச் சாயம். ஸ்பானியர்கள் அங்கே போய் இறங்கிய பிறகு அது ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. பிரபுக்களின் அங்கியும் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டும் அதில் தோய்ந்தவை. இந்தச் சாயம் எதிலிருந்து வருகிறது, விதையா பூச்சியா என்றே தெரியாமல் ஐரோப்பா ரொம்ப நாள் குழம்பியது. ஸ்பெயினும் அதை வெளியே விடவில்லை.

அப்படி ஒரு லாபத்தை ஆங்கிலேயக் கம்பெனி விட்டுவைக்குமா? மதராஸில் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இந்தப் பூச்சியை இங்கே வளர்த்துவிட வேண்டும் என்று 1780-களில் வெறி பிடித்தவர் போல வேலை செய்தார். மதராஸில் புல்லின்மேல் கண்ட ஏதோ பூச்சியையே கொச்சினீல் என்று எண்ணி லண்டனுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதினார். சைதாப்பேட்டையில் பூச்சிக்குத் தீனியாகக் கள்ளித் தோட்டமே போட்டார்கள். தோட்டம் வந்துவிட்டது, பூச்சிதான் வரவில்லை. கடைசியில் 1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவிலிருந்து கள்ளி மடலோடு பூச்சியையும் வங்காளத்துக்குக் கொண்டுவந்தார். வந்தது வேறு இனம். சாயம் மட்டம், பசி மட்டும் அபாரம். நாட்டில் வேலிக்காக வளர்ந்திருந்த ஒரு வகைக் கள்ளியை அது தின்றே தீர்த்தது. அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரில் சிலோன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறந்தது தென் அமெரிக்கா, பெயர் இலங்கை.

இதில் கம்பெனிக்குக் காசு பெயரவில்லை. ஆனால் கள்ளியை ஒழிக்கப் பூச்சியை ஏவலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1926-ல் இதே குடும்பத்தின் இன்னொரு பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தோட்டந்துரவு, புறம்போக்கு என்று மண்டிக்கிடந்த சப்பாத்திக் கள்ளி சில ஆண்டுகளிலேயே காய்ந்து சரிந்தது. மீதமிருக்கும் கள்ளியில் இன்றும் அந்த வெள்ளைப் பஞ்சைப் பார்க்கலாம். குச்சியால் நசுக்கினால் சிவப்பு பொங்கும். நான் சின்ன வயதில் நசுக்கியிருக்கிறேன், கள்ளிக்கு ரத்தம் வருகிறது என்று நினைத்து. நாற்பது வருஷம் கழித்து ஒரு பாட்டிலின் நிறத்தைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த ரத்தம் யாருடையது என்று புரிந்தது. இப்போது காம்பாரியில் பெரும்பாலும் செயற்கைச் சாயம். நிறம் மாறியதாகத் தெரியவில்லை. பூச்சியை நினைத்துக்கொண்டு குடிக்கும் சுகம் மட்டும் போய்விட்டது.

மூன்றாவது ஜின். ஜின் என்றதும் குயினைன், டானிக், நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டம் என்று நீலகிரிக்குப் போய்விடத் தோன்றும். அது தனிக் கதை, இங்கே வேண்டாம். ஜினின் உயிர் ஜூனிபர் என்ற ஊசியிலைப் புதரின் காய். பார்க்கச் சுண்டைக்காய் அளவுகூட இருக்காது, கருநீலமாக, மேலே சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். ஒரு காய் பழுக்க இரண்டு வருஷம் வரை ஆகும். அதனால் ஒரே கிளையில் பச்சைக்காயும் பழுத்ததும் சேர்ந்தே கிடக்கும். கையால் பறிக்க முடியாது, முள் மாதிரி இலை. கிளைக்கு அடியில் கூடையைப் பிடித்துக்கொண்டு தடியால் தட்டுவார்கள். பழுத்தது உதிரும், பச்சை ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த வருஷம் அதற்காக வருவார்கள்.

சிறுநீர் இறங்க, வயிறு சரியாக என்று இந்தக் காயைச் சாராயத்தில் போட்டு வடித்தவர்கள் டச்சுக்காரர்கள். ஜெனீவர் என்றார்கள். 1688-ல் ஹாலந்திலிருந்து வில்லியம் இங்கிலாந்தின் அரியணைக்கு வந்த பிறகு அங்கே உள்ளூர்ச் சாராயம் வடிப்பது பெருகியது. பெயரும் சுருங்கி ஜின் ஆனது. லண்டன் ஏழைகளை அது புரட்டி எடுத்ததையும், 1751-ல் ஹோகார்த் அதைப் படமாக வரைந்ததையும், அதே வருடம் சட்டம் போட்டு இறுக்கியதையும் பலர் எழுதிவிட்டார்கள். மருந்தாகப் புறப்பட்டதில் நோயாகவே மாறியது இது ஒன்றுதான். 1830-ல் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற புதிய வடிகலம் வந்ததும் சாராயம் சுத்தமானது. அதன் கெட்ட வாடையை மறைக்கச் சர்க்கரை போடும் அவசியம் குறைந்தது. அப்படி வந்ததுதான் லண்டன் டிரை ஜின்.

அந்த ஜினுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜூனிபருக்கு அடுத்தபடியாக நம் அடுக்களைக் கொத்தமல்லி விதை. அப்புறம், மற்ற வாசனைகளைப் பறக்கவிடாமல் பிடித்து வைப்பதற்காகப் பலர் சேர்க்கும் ஐரிஸ் கிழங்கு. தோண்டி எடுத்து, தோலுரித்து, வருஷக்கணக்கில் காயவைத்தால்தான் மணம் வரும். அந்தக் கிழங்குக்குப் பேர்போன இடம் ஃப்ளாரன்ஸைச் சுற்றியுள்ள டஸ்கனி. இங்கிலாந்து ஜின்களுக்கான ஜூனிபரிலும் கணிசமான பங்கு டஸ்கனி மலைச்சரிவுகளிலிருந்து போகிறது. டஸ்கனியில் தட்டி உதிர்த்த காய் லண்டனுக்குப் போய், ஆங்கிலேயன் ஆகி, பாட்டிலில் ஏறிக்கொண்டு ஃப்ளாரன்ஸுக்கே விருந்தாளியாகத் திரும்பி வருகிறது.

ஃப்ளாரன்ஸில் காத்திருந்தவர் கமில்லோ நெக்ரோனி என்ற பிரபு. அமெரிக்காவில் மாடு மேய்த்தவர், நியூயார்க்கில் வாள்வீச்சு கற்றுக்கொடுத்தவர் என்றெல்லாம் சொல்வார்கள். 1919 வாக்கில், தோர்னபூவோனி தெருவில் இருந்த காஸோனி காபிக்கடையில், வழக்கமாகக் குடிக்கும் அமெரிக்கானோவைக் கொஞ்சம் பலமாக்கு என்று கேட்டிருக்கிறார். கவுண்டரில் நின்ற ஃபோஸ்கோ ஸ்கார்செல்லி சோடாவை எடுத்துவிட்டு ஜின்னை ஊற்றினார். மாற்றியது தெரியட்டும் என்று எலுமிச்சைக்குப் பதிலாக ஆரஞ்சைப் போட்டார். அவ்வளவுதான் சம்பவம். இல்லை, இது எங்கள் குடும்பத்து ராணுவ அதிகாரி செனகலில் இருந்தபோது கண்டுபிடித்தது என்று பிரான்சில் இன்னொரு நெக்ரோனி குடும்பம் உரிமை கொண்டாடுகிறது. எனக்கு ஃப்ளாரன்ஸ் கதைமேல்தான் நம்பிக்கை. காரணம் 1920 அக்டோபரில் லண்டனிலிருந்து பிரபுவுக்கு வந்த ஒரு கடிதம். உடம்பு சரியில்லாத மனிதருக்கு நட்பாக எழுதிய அதில், ஒரு நாளைக்கு இருபது நெக்ரோனிக்கு மேல் வேண்டாம் என்று அறிவுரை இருக்கிறது. கிளாஸ் சின்னதாக இருந்திருக்கும் என்று நம்புவோம்.

ஆனால் ஒரு மனத்தாங்கல். கேட்டவர் பெயர் பானத்துக்கு வந்துவிட்டது. கலந்தவர் பெயரை இப்போது நான் சொன்னதும் நீங்கள் மறந்திருப்பீர்கள், பாதகமில்லை, மேலே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். சோடாவுக்குப் பதில் ஜின் என்பதும் ஆரஞ்சு என்பதும் ஸ்கார்செல்லியின் கையும் மூளையும். நம் வீடுகளில் மாமனாருக்குப் பிடித்த குழம்புக்கு மாமனார் பெயர் வந்துவிடுவது மாதிரிதான் இது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. பாரிஸில் ஜின்னுக்குப் பதில் அமெரிக்க விஸ்கியை ஊற்றி பூல்வார்டியே என்றார்கள். 1927-ல் அச்சிலேயே வந்துவிட்டது. 1947-ல் ரோமில் படப்பிடிப்புக்கு வந்திருந்த ஆர்சன் வெல்ஸ், இதில் ஒன்று ஈரலுக்கு நல்லது, ஒன்று கெட்டது, கணக்கு நேராகிவிடுகிறது என்கிற மாதிரி ஒரு நியாயம் சொன்னார். ஈரல் இந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. 1970-களின் தொடக்கத்தில் மிலானின் பாஸோ பாரில் மிர்கோ ஸ்டொக்கெட்டோ ஜின் பாட்டிலுக்குப் பதில் நுரை ஒயின் பாட்டிலைத் தவறுதலாக எடுத்து ஊற்றிவிட்டார். அதற்குப் பெயரே ஸ்பல்யாத்தோ, தப்பாகிவிட்டது என்று பொருள். ஐம்பது வருஷம் மிலான்காரர்களோடு சுகமாக இருந்த அந்தத் தப்பு, 2022-ல் ஒரு நடிகர் பேட்டியில் ஆசையாக அதன் பெயரைச் சொல்லப்போய் உலகத்தின் செல்போன்களில் எல்லாம் ஓடியது.

என் வீட்டு மேஜைக்கு வருவோம். அளவு சுலபம், மூன்றும் 30 மில்லி. நம்மூர்க் கணக்கில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்மால். மூன்று ஸ்மால் என்று பயப்பட வேண்டாம், அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். ஜின் நூற்றுக்கு 40, காம்பாரி 25, வெர்மூத் 16 என்று வைத்துக் கூட்டினால் மொத்த ஆல்கஹால் ஏறக்குறைய 24 மில்லி. கிட்டத்தட்ட ஒரு லார்ஜ் பிராந்தி. சாப்பாட்டுக்கு முன் ஒன்று போதும், இரண்டாவது கேட்டால் சாதம் போட்டுவிடுவேன்.

சிரமம் ஐஸில் இருக்கிறது. ஃபிரிட்ஜ் தட்டில் உறையும் சின்னக் கட்டி நம் வெயிலில் கிளாஸைத் தொடும் முன்பே வேர்த்துவிடும். அதனால் நான் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி முந்தின நாளே ஃபிரீசரில் வைத்துவிடுவேன். குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டினால் கட்டி முழுசாக வழுக்கி விழும். மூன்றையும் வேறொரு பாத்திரத்தில் நிறைய ஐஸோடு நீளக் கரண்டியால் அரை நிமிஷம் கிளற வேண்டும். குலுக்கக் கூடாது, குலுக்கினால் காற்று புகுந்து கலங்கிவிடும், அந்தச் சிவப்பின் தெளிவு போய்விடும். கிளறும்போது கொஞ்சம் ஐஸ் உருகிக் கலப்பது அவசியம், அந்தத் தண்ணீர்தான் கசப்பையும் காரத்தையும் இனிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறது. பிறகு பெரிய கட்டிமேல் வடித்து, ஆரஞ்சுத் தோலைக் கிளாஸுக்கு மேலே மடித்துப் பிழிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் தெறிக்கும். தெறிக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்கள் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டிப் பார்க்கலாம், மத்தாப்பு பொரியும். நம் கமலா ஆரஞ்சின் தொளதொளத் தோல் இதற்கு அவ்வளவு சரிப்படாது. ஒருநாள் வேறு வழியில்லாமல் நார்த்தங்காய்த் தோலைச் சீவிப் பிழிந்தேன். இத்தாலியர்கள் மன்னிக்கட்டும், நன்றாக இருந்தது.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல சித்தப்பா பூச்சி விஷயத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கள்ளிப் பூச்சியா? எங்க அய்யா சொல்லுவாரு. காடு பூரா கள்ளியா கெடந்துச்சாம், பூச்சியை விட்டுத்தான் அழிச்சாங்களாம்" என்றார். கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார், இந்த முறை முகம் அவ்வளவாகச் சுளிக்கவில்லை. வறுத்த வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டு சமையலறைப் பக்கம் பார்த்து, "குழம்பு ஆச்சாம்மா?" என்று குரல் கொடுத்தார்.

பிறகு என்னிடம் கிளாஸை நீட்டினார்.

"எல்லாம் சரிதான்டா. கொஞ்சம் சோடா ஊத்து."